நெட்வொர்க் ஸ்விட்சுக்கு யூபிஎஸ்: வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க

ஒரு ஜூலை 31 ராத்திரி. கிளையன்ட் ரிட்டர்னை சப்மிட் பண்ணும்போது கரண்ட் போச்சு. லேப்டாப்ல சார்ஜ் இருக்கு, ரவுட்டர் மினி யூபிஎஸ்ல ஓடுது, ஆனா நெட் இல்லை! நடுவுல இருந்த ஸ்விட்சை நேரா சுவர் பிளக்ல போட்டிருந்தேன். வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினவருக்கு லேட் ஃபீ 5,000 ரூபாய். மொபைல் ஹாட்ஸ்பாட்தான் காப்பாத்துச்சு.

அதனால ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச் மூணுக்கும் பேக்கப் வேணும். முதல்ல ஒவ்வொரு அடாப்டர்லயும் எழுதியிருக்கறதைப் பாருங்க. வோல்ட் அப்படியே பொருந்தணும். ஆம்பியர் கூட இருந்தா பரவாயில்லை. 5 வோல்ட் ஸ்விட்சை 12 வோல்ட் பின்ல சொருகினா ஸ்விட்ச் காலி.

அடுத்து வாட். 12 வோல்ட், 1 ஆம்பியர்னா 12 வாட். ஸ்விட்ச் 5 வோல்ட், 1 ஆம்பியர்னா 5 வாட். ரெண்டும் சேர்ந்து அதிகபட்சம் 17. டப்பால 8,000 எம்ஏஎச்னு பெருசா போட்டிருப்பாங்க, மயங்காதீங்க. பெரும்பாலும் அது 3.7 வோல்ட் கணக்கு. பெருக்கினா சுமார் 30 வாட்-அவர்தான். முழு லோடுல ஒன்றரை மணி நேரம் வந்தாலே நல்லது. உங்க ஏரியால எவ்வளவு நேரம் கட் ஆகுதுன்னு பார்த்து வாங்குங்க.

"சார், இதை வரியில கழிக்கலாமா?" சம்பளக்காரங்களால முடியாது. புதிய முறையில கிடைக்கற 75,000 ரூபாய் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனுக்குள்ளதான் இதுவும் அடக்கம். ஆனா ஒர்க் ஃப்ரம் ஹோம் செலவை உங்க கம்பெனி திருப்பித் தருதான்னு எச்.ஆர் கிட்ட கேளுங்க. பில்லை உங்க பேர்லயே வாங்கி வைங்க.