எஞ்சினில் எழும் மாற்றொலி: காரணம் காணும் முறை

விடியுமுன் பறித்த தக்காளியும் வெண்டையும் சந்தை கூடும் வேளைக்குள் அங்கே போய்ச் சேர்ந்தால்தான் விவசாயிக்கு உரிய விலை கிடைக்கும். இதற்காகப் பழைய பிக்கப் வண்டியொன்றை வாங்கி, அதை நம்பித் தொழில் நடத்தும் குடும்பங்கள் நம் கிராமங்களில் பல உண்டு. அத்தகைய வண்டியின் எஞ்சினில் ஒரு நாள் புதிதாக ஓர் ஓசை எழுகிறது. அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டுவது ஒரு தவறு. அஞ்சி உடனே எஞ்சினைப் பிரித்துப் போடச் சொல்வது மற்றொரு தவறு. முன்னது எஞ்சினையே அழிக்கக்கூடும். பின்னது வீண் செலவில் முடியும். ஓசையின் காரணத்தை முறையாக ஆராய்வது எப்படி என்பதை இங்கே காண்போம்.

இயல்பான ஓசை எது?

டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் இல்லை. 1897ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினின் தத்துவமே இன்றும் வழங்குகிறது. பிஸ்டன் காற்றை மிகுதியாக அழுத்துவதால் அக்காற்று கடுஞ்சூடாகிறது. அதில் தெளிக்கப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. தெளித்த கணத்திற்கும் பற்றும் கணத்திற்கும் இடையே சிறு தாமதம் உண்டு. அதற்குள் சேர்ந்த எண்ணெய் ஒரே வீச்சில் எரிவதால் 'கடகட' என்னும் ஓசை பிறக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் தாமதம் அதிகம்; ஆகையால் காலையில் ஓசையும் அதிகம். சூடேறியபின் அது தணிந்து சீராகிவிடுமானால் கவலை வேண்டுவதில்லை. நேற்று இல்லாது இன்று தோன்றிய ஓசையே ஆராய்ச்சிக்கு உரியது.

முதலில் ஆயிலைப் பாருங்கள்

வேறெதையும் சோதிக்குமுன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சில நிமிஷங்கள் கழித்து ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். ஆயில் குறைந்திருந்தால் உலோகத்தோடு உலோகம் உராய்ந்து ஓசை எழும். அளவு கூடி, டீசல் வாடையும் வீசினால் எரிபொருள் ஆயிலில் கலக்கிறது என்று கொள்ளலாம். அத்தகைய ஆயில் நீர்த்துப்போய்ப் பேரிங்குகளைக் காக்கும் சக்தியை இழந்திருக்கும். ஆயில் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு ஓட்டத்தின்போது எரிந்தால், அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும்.

ஓசை எதனோடு சேர்ந்து மாறுகிறது?

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டுச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தபின் எஞ்சினின் வேகத்தை மெல்லக் கூட்டிப் பாருங்கள். ஓசையும் கூடவே விரைந்தால் அது எஞ்சினையோ, எஞ்சினோடு சுழலும் உறுப்புகளையோ சார்ந்தது. நின்ற வண்டியில் கேட்காமல், ஓடும்போது மட்டும் சக்கர வேகத்திற்கு ஏற்ப மாறுமானால், சக்கரப் பேரிங்கிலோ பின்சக்கரத்திற்குச் செல்லும் ஷாஃப்ட்டிலோ குறை இருக்கலாம். எஞ்சினைப் பிரிக்க வேண்டியதே இல்லை.

அடுத்து, கிளட்ச் பெடலை மிதித்துப் பாருங்கள். மிதிக்கும்போது மட்டும் ஓசை எழுந்தால் கிளட்ச் பேரிங் தேய்ந்திருக்கலாம். மிதித்ததும் ஓசை மறைந்தால் கியர் பெட்டியின் பக்கம் சந்தேகம் கொள்ளலாம்.

ஓசையின் தாளமும் ஒரு துப்பாகும். கிராங்க் ஷாஃப்ட் இரு முறை சுற்றினால் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு முறைதான் சுற்றும். கிராங்க் நிமிஷத்திற்கு 800 சுற்றுச் சுற்றும்போது ஒரு வால்வு 400 முறையே திறந்து மூடும். ஆகவே எஞ்சின் சுழற்சியின் பாதி வேகத்தில் மெல்லிய 'டிக் டிக்' ஓசை மேற்புறத்தில் கேட்டால், டேப்பெட் இடைவெளி கூடியிருக்கலாம். அதைத் தயாரிப்பாளர் குறித்த அளவுக்குச் சரிசெய்வது எளிய வேலை.

இருப்பிடம் காணுதல்

1816இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் இதயத் துடிப்பைக் கேட்டார். ஸ்டெத்தாஸ்கோப் பிறந்த வரலாறு அது. எஞ்சினுக்கும் அவ்வழியே ஏற்றது. நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சினின் அசையாத பகுதிகளில் ஒவ்வொன்றாக வைத்து, கைப்பிடியைக் காதருகே பிடித்தால், ஓசை வலுக்கும் இடம் புலப்படும். மின்விசிறிக்கும் பெல்ட்டுக்கும் அருகே கையோ, தோளில் தொங்கும் துண்டோ போகலாகாது. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டிச் சோதிக்கவும் கூடாது. புகையிலுள்ள நச்சுவாயு உயிரைக் கவரும்.

கிறீச்சிடும் ஓசை பெரும்பாலும் பெல்ட்டினுடையது. எஞ்சினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிஷம் மட்டும் ஓட்டினால் உண்மை தெரியும். ஓசை மறைந்தால் குறை பெல்ட்டிலோ, ஆல்டர்னேட்டரிலோ, தண்ணீர்ப் பம்பிலோ இருக்கிறது. பல வண்டிகளில் பெல்ட் இல்லாதபோது தண்ணீர்ப் பம்பு ஓடாது. ஆகையால் அதற்குமேல் ஓட்டலாகாது.

குளிர்ந்திருக்கையில் 'சட் சட்' என்று கேட்டு, சூடேறியதும் குறையும் ஓசை புகைக்குழாயின் இணைப்பில் ஏற்பட்ட கசிவாக இருக்கலாம். சூட்டில் உலோகம் விரிந்து இடுக்கை அடைப்பதே காரணம். அவ்விடத்தில் படிந்த கரி அதைக் காட்டிக்கொடுக்கும்.

மெக்கானிக் மட்டுமே செய்ய வேண்டியது

பழைய வகைப் பம்பு உள்ள எஞ்சின்களில், இன்ஜெக்டர் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்தி, எந்தச் சிலிண்டர் ஓய்ந்தால் ஓசை குறைகிறது என்று மெக்கானிக் கண்டறிவதுண்டு. பின்னாளில் வந்த காமன் ரெயில் எஞ்சின்களில் இதைச் செய்யவே கூடாது. அவற்றில் எண்ணெயின் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்படும். சிறு தாரையும் தோலைத் துளைத்து உள்ளே பாயும். அவ்வாறு நேர்ந்தால், காயம் சிறிதாகத் தோன்றினாலும், தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உடனே நிறுத்த வேண்டிய ஓசை

எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து, பாரம் ஏறும்போதோ ஆக்ஸிலரேட்டரை விடும்போதோ, சுத்தியால் அடிப்பது போன்ற கனத்த 'தொம் தொம்' ஓசை எழுந்தால் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். இந்நிலையில் சந்தைவரை போய்விடலாம் என்று எண்ணுவது பெருந்தவறு. இப்போது மாற்ற வேண்டியது பேரிங் மட்டுமாக இருக்கலாம். தொடர்ந்து ஓட்டினால் கிராங்க் ஷாஃப்ட் கெடும். ராடு முறிந்து எஞ்சின் சுவரையே பிளக்கவும் கூடும். சரக்கை வேறு வண்டியில் அனுப்பிவிட்டு, இந்த வண்டியைக் கட்டி இழுத்துச் செல்வதே சிக்கனம்.

ஓசை குளிரிலா, சூட்டிலா, பாரத்திலா, வெறும் ஓட்டத்திலா, மேலா, கீழா, எப்போது தொடங்கியது, ஆயில் கடைசியாக மாற்றியது எந்நாள் என்பனவற்றை ஒரு சிறு நோட்டில் குறித்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். நோயின் குறிகளைத் தெளிவாகச் சொல்பவருக்கே சரியான சிகிச்சை விரைவில் கிட்டும். வண்டிக்கும் இது பொருந்தும்.