வின்ச்சுக்கு ஏன் தனி கட்-ஆஃப் சுவிட்ச்?

சேற்றில் புதைந்த லாரியை இழுக்கும் 12 வோல்ட் வின்ச், முழுச் சுமையில் 400 ஆம்பியர் வரைகூட இழுக்கும். அதனால்தான் பல வண்டிகளில் அதன் கேபிள் ஃபியூஸ் இல்லாமல் நேரே பேட்டரிக்குப் போகிறது. அது சேஸிஸில் உரசித் தோல் கிழிந்தால், நிறுத்திவைத்த வண்டியும் தீப்பிடிக்கலாம். வின்ச் மோட்டாரை இயக்கி நிறுத்தும் காண்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொண்டாலோ, ரிமோட்டை விட்ட பிறகும் டிரம் சுற்றும். பக்கத்தில் நிற்பவரின் கையை நினைத்துப் பாருங்கள்!

எனவே பாசிட்டிவ் கேபிளில், பேட்டரியை ஒட்டி, சட்டென்று கை எட்டும் இடத்தில் சுவிட்ச் வேண்டும். பொருத்துமுன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். கேபிள் முனையில் லக்கை இறுக்கமாகக் கிரிம்ப் செய்யுங்கள்: இணைப்பில் 1 மில்லி ஓம் தடை இருந்தாலே, 400 ஆம்பியரில் 160 வாட் வெப்பம் அந்த ஒரே இடத்தில் கிளம்பும். சுவிட்ச் வாங்கும்போது, சில நொடிகள் மட்டும் தாங்கும் ஆம்பியரைப் பார்த்து ஏமாறாமல், தொடர்ந்து தாங்கும் அளவைக் கேளுங்கள்.