விடுதலைக்குப் பின் – 6: வேலைக்கு முன் ஒரு வீடு

மலேசியாவில் 2008-இல் சிறைச் சட்டம் திருத்தப்பட்டு, தண்டனையில் பாதியை முடித்தவர்கள் பரோலில் வெளிவர வழி பிறந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். வெளியே வருபவர் குறித்த இடத்தில் தங்கி, அதிகாரியின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழருக்கு அந்தக் ‘குறித்த இடம்’தான் சிக்கல். லயத்து வீடு என்றும் வேலையோடு ஒட்டியே கிடைத்தது. வேலை போனால் வீடும் போகும். நீலாய், லாபு, சிரம்பான் சுற்றுவட்டாரத்துப் பால்மரக் காடுகள் வீடமைப்பும் தொழிற்பேட்டையுமாக மாறியபோது, குடும்பங்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குச் சிதறின. உள்ளே போனவன் வெளியே வரும்போது வீடு இருந்த இடத்தில் சாலை இருக்கிறது. தமக்கையின் இரண்டறை வீட்டில் பாய் விரித்துப் படுப்பவன் எத்தனை நாள் அங்கே தாங்குவான்? எனவே வேலை தேடித் தருவதை மட்டும் மறுவாழ்வு என்று சொல்லிக்கொள்ளும் திட்டங்கள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன என்பதே என் வாதம்.

இதைப் பழைய தோட்டத்துக்கான ஏக்கமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1910-இல் நிறுத்தப்பட்ட ஒப்பந்தக் கூலி முறையில், தோட்டத்தை விட்டு ஓடிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பச் சட்டம் இடம் கொடுத்தது. நம் முன்னோர் பலர் சிறைக்குள் போனதே வேலையை விட்ட குற்றத்துக்காகத்தான். இன்று அதே தோட்டங்கள் ஆளில்லாமல் தவிக்கின்றன. 2020-இல் வெளிநாட்டுத் தொழிலாளர் வருகை நிறுத்தப்பட்டபோது, செம்பனை முதலாளிகள் சிறைவாசிகளையும் போதையிலிருந்து மீள்பவர்களையும் நோக்கித் திரும்பினார்கள். தேவையும் ஆளும் பொருந்துவது போலத் தெரிகிறது. ஆனால் அதே ஆண்டில்தான் கட்டாய உழைப்புப் புகாரின்பேரில் எஃப்ஜிவி, சைம் டார்பி ஆகிய தோட்ட நிறுவனங்களின் செம்பனை எண்ணெய்க்கு அமெரிக்கா தடை விதித்தது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 1930-ஆம் ஆண்டு உடன்படிக்கை, கைதியைத் தனியார் நிறுவனத்தின் பிடியில் ஒப்படைப்பதைக் கட்டாய உழைப்பாகவே கருதுகிறது. ஆகவே பரோலில் வருபவருக்கும் தோட்டத்தில் முழுக் குறைந்தபட்சச் சம்பளம், ஊழியர் சேமநிதி (ஈபிஎஃப்), சமூகப் பாதுகாப்பு (சொக்சோ), பிடிக்காவிட்டால் விலகும் உரிமை ஆகிய அனைத்தும் வேண்டும். வேலையை விட்டாலும் ஆறு மாதமாவது வீடு கையில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை இல்லையென்றால், குலை வெட்டும் கம்பியைக் கையில் கொடுத்து இன்னொரு சிறையில் அடைப்பதாகவே முடியும்.

‘குற்றம் செய்யாத பிள்ளைகளே வேலையின்றித் திரியும்போது இவர்களுக்கு ஏன் முன்னுரிமை?’ என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. அந்தப் பிள்ளைகள் செம்பனைக்குப் போக விரும்புவதில்லை, ஆலைகளுக்குப் போகிறார்கள். சிறை சென்றவனுக்கோ ஆலை வாசலிலேயே கதவு சாத்தப்படுகிறது. 1969-ஆம் ஆண்டு குற்றவாளிகள் பதிவுச் சட்டத்தில் ஏறிய பெயர், எத்தனை ஆண்டு ஒழுங்காக வாழ்ந்தாலும் தானாக நீங்குவதில்லை. சிங்கப்பூரில் 2005-இல் கொண்டுவந்த மாற்றப்படி, மூன்று மாதத்துக்கு மேற்படாத தண்டனை பெற்றவர் ஐந்து ஆண்டுகள் குற்றமின்றி வாழ்ந்தால் அந்தப் பதிவு கழிந்ததாகக் கொள்ளப்படும். இங்கேயும் அது வேண்டும். ‘அக்கம்பக்கத்துக்குப் பாதுகாப்பு என்ன?’ என்பது அடுத்த கேள்வி. பாதிக்கப்பட்டவர் வாழும் இடத்திலேயே சிறையிலிருந்து வருபவரைக் குடியமர்த்தக் கூடாது என்பதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. மற்றபடி, முகவரியும் சம்பளமும் உள்ளவனைக் கண்காணிப்பது எளிது. பேருந்து நிலையத்தில் படுப்பவனை யார் கண்காணிப்பது?

அப்படியானால் வேலையும் வீடும் சேர்த்துத் தருவது யார்? பெருந்தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற துண்டாடலில் தோட்டங்கள் கைமாறி, நம்மவர் தெருவுக்கு வந்த காலத்தில், ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் வாங்கிய தோட்டங்கள் அதனிடம் உள்ளன. சிறையிலிருந்து திரும்பும் இளைஞர்களுக்கு, குடும்பத்தோடு தங்கும் வீட்டுடன் சில இடங்களை அந்தச் சங்கம் ஒதுக்கட்டும். அதன் அங்கத்தினராக உள்ள வாசகர்கள் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகிறேன்.