மலைக்குச் செல்லும் வண்டிக்கு எந்தக் கியர்?



கொல்லிமலைக் கிளினிக் ஊழியத்துக்குப் புதிய வண்டி வாங்க நீங்கள் அனுப்பிவரும் காணிக்கைகளுக்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம். காணிக்கையோடு ஒரு கேள்வியும் சில சபைகளிலிருந்து வந்துள்ளது. "ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள் வந்துவிட்டனவே, டிரைவருக்கும் நோயாளிக்கும் அதுதானே சுகம்? ஏன் இன்னும் கையால் மாற்றும் கியரையே பார்க்கிறீர்கள்?" என்கிறார்கள். கேள்வி நியாயமானது. உக்கிராணக்காரராகிய நாங்கள் கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவர்கள். ஆகவே எங்கள் கமிட்டி ஆராய்ந்ததை உங்கள் முன் வைக்கிறோம்.

ஜேடர்பாளையத்தில் காவிரிக் கரையோரம் கரும்பும் வாழையும் விளைகிற சமபூமியில் எந்த வண்டியும் ஓடும். கஷ்டம் காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி, காரவள்ளி அடிவாரத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே செம்மேட்டில் அரசு மருத்துவமனை உண்டு. 2008 முதல் நம் மாநிலத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவையும் உண்டு. ஆனால் தார்ச்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் சில குடியிருப்புகளுக்கு மண்பாதைதான். மழை பெய்தால் அது சேறு. பிரசவ வேதனைப்படும் ஒரு தாயை அந்தச் சேற்றிலிருந்து தார்ச்சாலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே இந்த வண்டியின் தலையாய வேலை. 1929இல் கருநீர்க் காய்ச்சலால் இந்த மலையிலேயே மரித்த மிஷனெரி ஜெஸ்ஸி பிராண்டின் நாட்களில் ஏறி இறங்க இப்படிப்பட்ட சாலை இல்லை. கால்நடையும் மட்டக்குதிரையும் டோலியுமே துணை. இன்று சாலை இருக்கிறது. அதன் கடைசி ஓரிரு மைல்தான் இன்னும் பாரமாயிருக்கிறது.

இரண்டு கியருக்கும் வேறுபாடு என்ன? மானுவல் வண்டியில் என்ஜினையும் கியர்ப் பெட்டியையும் கிளட்ச் தகடு இணைக்கிறது. டிரைவர் காலால் மிதித்துப் பிரித்து, கையால் கியர் மாற்றுகிறார். ஆட்டோமேட்டிக்கில் தகடு இருக்கும் இடத்தில் எண்ணெய் நிறைந்த 'டார்க் கன்வெர்ட்டர்' இருக்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலும் அல்லவா? அதுபோல என்ஜின் எண்ணெயைத் தள்ள, எண்ணெய் சக்கரத்தை இழுக்கிறது. 'ஏ.எம்.டி.' என்று மலிவாகக் கிடைப்பது வேறு. அது மானுவல் கியரின் கிளட்ச்சை ஒரு கருவி இயக்குவதுதான். சேற்று ஏற்றத்துக்கு அதை நாங்கள் எண்ணவில்லை.

ஆட்டோமேட்டிக்கின் நன்மைகள் மெய்யானவை. செங்குத்தான வளைவில் என்ஜின் நின்றுபோகும் பயம் குறைவு. சேற்றில் இழுவை அறுபடாமல் தொடர்ந்து கிடைக்கும். கிளட்ச் கருகுவதில்லை. வண்டி குலுக்கிப் பாயாததால் எலும்பு முறிந்தவருக்கும் கர்ப்பிணிக்கும் வேதனை குறையும். 70 வளைவு ஏறின பின்னும் டிரைவரின் இடது கால் களைத்திராது. எங்கள் டாக்டரம்மா இதை வற்புறுத்தியே பேசினார்கள்: "இரவில் டிரைவர் சுகவீனமானால், ஆட்டோமேட்டிக் என்றால் ஒரு நர்ஸே ஓட்டி வந்துவிடலாம்." இந்த வாதத்துக்கு எங்களால் எளிதில் பதில் சொல்ல முடியவில்லை.

இறக்கத்தைப் பற்றியும் விசாரித்தோம். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பு இழக்கும். கீழ்க் கியரில் போட்டு என்ஜினே வண்டியைத் தடுக்கும்படி இறங்குவதே முறை. மானுவலில் இது இயல்பாக வரும். ஆட்டோமேட்டிக்கிலும் கீழ்க் கியரை நாமே தேர்ந்துகொள்ளலாம். ஆனால் 'டி'யிலேயே விட்டு இறங்கும் பழக்கம் வந்துவிட்டால் ஆபத்து.

எங்கள் தீர்மானத்தைச் சாய்த்தது வேறொரு கேள்வி: வண்டி காட்டுப்பாதையில் நின்றுவிட்டால் என்ன செய்வது? மானுவல் வண்டியில் பாட்டரி பலவீனமானால் ஊரார் நாலுபேர் தள்ளி, இரண்டாம் கியரில் கிளட்ச்சை விட்டுக் கிளப்பிவிடலாம். ஆட்டோமேட்டிக்கை அப்படிக் கிளப்ப முடியாது. என்ஜின் ஓடாதபோது அதன் கியர்ப் பெட்டிக்குள் எண்ணெய் சுற்றுவதில்லை; ஆகையால் கயிறு கட்டி இழுத்தாலும் பெட்டி கெட்டுப்போக ஏதுவுண்டு. பழுது பார்ப்பதும் அப்படியே. லாரித் தொழிலுக்குப் பேர்பெற்ற நாமக்கல்லிலும் ரிக் வண்டிகளின் ஊராகிய திருச்செங்கோட்டிலும் கிளட்ச், கியர்ப் பெட்டி பிரித்துச் சேர்க்கும் மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை. ஆட்டோமேட்டிக் பெட்டி என்றால் கம்பெனி பணிமனைக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். வண்டி காத்திருக்கும் நாட்களில் கிளினிக்கும் நிற்கும்.

இரண்டு கியருக்கும் முந்திய கேள்வி ஒன்றுண்டு: நான்கு சக்கர இழுவையும் 'லோ ரேஞ்ச்' கியரும் வண்டியில் உண்டா? 1941இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த வில்லிஸ் ஜீப்பிலேயே இவை இரண்டும் இருந்தன. அதன் வழிவந்த மகிந்திரா தார் 2020இல் ஆட்டோமேட்டிக்குடனும் வந்தது. 2023இல் வந்த மாருதி ஜிம்னியும் இரு வகையிலும் வந்தது. 2024இல் வந்த ஐந்து கதவு ஃபோர்ஸ் கூர்க்கா மானுவலில் மட்டுமே வந்தது. ஆயினும் நோயாளிக்கும் மருந்துப் பெட்டிகளுக்கும் அதில் இடம் அதிகம். லோ ரேஞ்ச் இல்லாத ஆட்டோமேட்டிக்கைவிட அது உள்ள மானுவலே சேற்றில் நமக்கு உதவும்.

ஆகவே மலை வண்டிக்கு மானுவல் கியர், நான்கு சக்கர இழுவை, லோ ரேஞ்ச் என்று ஒருமனமாய்த் தீர்மானித்தோம். ஆட்டோமேட்டிக்குக்குக் கூடுதலாகும் தொகையில் ஒரு பகுதியைக் கிளட்ச், டயர், பிரேக் செலவுக்கென்று ஒதுக்கி வைப்போம். டாக்டரம்மாவின் கவலையையும் தள்ளிவிடவில்லை. ஒரே டிரைவரை நம்பியிராமல், ஓட்டத் தெரிந்த நம் ஊழியர் இருவருக்கு மலை இறக்கத்தில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதும் தீர்மானத்தில் சேர்ந்தது. சமவெளியில் ஓடும் ஆம்புலன்ஸை மாற்றும் காலம் வரும்போது ஆட்டோமேட்டிக்கையே முதலில் பார்ப்போம்.

நல்ல சமாரியன் காயப்பட்டவனைக் கண்டு மனதுருகினதோடு நிற்கவில்லை. சத்திரம்வரை கொண்டுபோய்ச் சேர்த்தான், செலவையும் ஏற்றுக்கொண்டான். சுமக்கிற வாகனம் வழியில் நின்றுவிடாதிருப்பதும் அந்த இரக்கத்தின் ஒரு பங்குதான். டிரைவர்களின் பாதுகாப்புக்காகவும், மழைக்குமுன் வண்டி வந்து சேரவும், மலையில் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் தாய்மாருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டவரின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்