மார்க் குறைந்தால் விளையாட்டு கட்டா?

சென்னை அருகே கோவளத்தில் சர்ஃபிங் பழகும் பிள்ளைக்கு முதல் பாடம் மணலில்தான். பலகையில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் வலித்து, ஒரே துள்ளலில் எழுந்து நிற்கப் பழக வேண்டும். அது கைவந்த பிறகே கணுக்காலில் கயிற்றைக் கட்டித் தண்ணீரில் இறக்குவார்கள். இறங்கியதும் பிள்ளை விழும், மூக்கில் உப்புத்தண்ணீர் ஏறும். இருமிக்கொண்டே கயிற்றை இழுத்துப் பலகையைப் பிடித்து மறுபடி ஏறும். விழுந்ததற்கு அங்கே திட்டு கிடையாது.

ரேங்க் கார்டு வரும் நாளில் நம் வீடுகளில் நடப்பது வேறு.

கோவளம் குப்பத்து மீனவர் மூர்த்தி மேகவன், இரவல் பலகையில் அலையேறப் பழகியவர். தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு 2012இல் இங்கே ‘கோவ்லாங் பாயிண்ட்’ சமூக சர்ஃப் பள்ளியைத் தொடங்கினார். குடியும் புகையும் கூடாது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் ஒழுங்காகப் போக வேண்டும் என்பவை அவர் போட்ட நிபந்தனைகள்.

“நாங்களும் அதைத்தானே செய்றோம், மார்க் குறைஞ்சா கிரிக்கெட் கட்” என்று பெற்றோர் சிலர் சொல்லக்கூடும். இரண்டும் ஒன்றல்ல. பள்ளிக்குப் போவது பிள்ளையின் கையில் இருக்கிறது. கணக்கில் தொண்ணூறு வாங்குவது முழுக்க அதன் கையில் இல்லை. கைக்கு எட்டாத ஒன்றைக் காட்டி, பிடித்த ஒன்றைப் பிடுங்கினால் படிப்பின் மேல் வெறுப்புதான் வளரும். இன்னொன்று, இங்கே நிபந்தனை போட்டவர் கடலும் குப்பமும் தெரிந்தவர். கையில் செல்போனை வைத்துக்கொண்டு “போய்ப் படி” என்று விரட்டும் குரலுக்கு அந்த மரியாதை கிடைக்காது.

கொஞ்சம் தெற்கே, மாமல்லபுரத்தில் கமலி மூர்த்தியின் கதை பலருக்குத் தெரியும். சிறுமி கவுனும் வெறுங்காலுமாக ஸ்கேட்டிங் செய்த படத்தை அமெரிக்க ஸ்கேட்டர் டோனி ஹாக் பகிர, அது உலகம் சுற்றியது. சாஷா ரெயின்போ இயக்கிய ‘கமலி’ குறும்படம் 2020இல் பாஃப்டா விருதுக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பிடித்தது. பின்னாளில் கமலி சர்ஃபிங்கில் தேசியப் பட்டங்களும் வென்றார். பட்டங்களைவிட அவர் அம்மா சுகந்தியைத்தான் கவனிக்கத் தோன்றுகிறது. தனியாக மகளை வளர்த்தவர், ‘பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு இது’ என்று கேட்கும் ஊரில் மகள் பக்கம் நின்றார்.

எல்லாப் பெற்றோராலும் பாடம் சொல்லித்தர முடியாது. அப்பா விடியுமுன் கடலுக்கும் அம்மா மீன் விற்கவும் போய்விடும் வீட்டில், பிள்ளை சாப்பிட்டதா என்று பார்க்கவே ஆளிருக்காது. 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் இத்தகைய வீடுகளுக்குப் பெரிய ஆறுதல். ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற அரசுத் திட்டமும் அப்படித்தான்; 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கியது. கொரோனாவில் விட்டுப்போன படிப்பை, மாலையில் தெருவிலேயே உட்காரவைத்துத் தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் தமிழகக் கிராமப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தபோது, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இந்தத் திட்டத்தால் வந்தது. பெரிய கருவி எதுவும் இல்லை. தெரிந்த அக்கா ஒருத்தி, ஒன்றரை மணி நேரம்.

அந்த நேரத்தில் பாதி வீட்டில் கிடைத்தாலும் போதும். பாடம் தெரியாத அம்மாகூடக் காய் நறுக்கிக்கொண்டே, “இன்னைக்கு எது புரியல, எனக்குச் சொல்லு” என்று கேட்கலாம். சொல்லிக் காட்டும்போதே பாதி புரிந்துவிடும். ஆனால் சாப்பாடு இறங்காமல், தூக்கம் பிடிக்காமல், பேச்சும் குறைந்து பிள்ளை சில வாரம் இப்படியே இருந்தால் அதைச் சோம்பல் என்று தள்ளக் கூடாது. வகுப்பாசிரியரிடமும் மருத்துவரிடமும் பேச வேண்டும். பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண்ணில் மாணவர்கள் மட்டுமல்ல, பெற்றோரும் ஆலோசனை கேட்கலாம்.