இசைவு யாருடையது?

‘கெய்லா’ என்னும் பேசும் பொம்மையை ஜெர்மனி 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் தடைசெய்தது. பொம்மைக்குள் ஒலிவாங்கி இருந்தது. குழந்தையின் கேள்வி திறன்பேசி வழியே இணையத்திற்குச் சென்று, விடையாகத் திரும்பியது. காப்பற்ற ‘புளூடூத்’ இணைப்பின் வழியே அயலாரும் அப்பேச்சைக் கேட்க இயலும் என்பது பின்னரே தெரியவந்தது. அதனை மறைமுகக் கண்காணிப்புக் கருவி என வகைப்படுத்திய அரசு அமைப்பு, பொம்மையைச் செயலிழக்கச் செய்யுமாறு பெற்றோரைக் கேட்டுக்கொண்டது. அவர்கள் அன்பினால் வாங்கித் தந்த பொம்மை அது.

குழந்தைகளுக்கான தொழில்நுட்பப் பொருள்கள் பற்றிய விவாதம், கண் கெடும், உறக்கம் குறையும் என்பவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அதற்கு முந்திய வினா ஒன்றுண்டு: குழந்தையின் சார்பில் இசைவு தருபவர் யார்? இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இதற்கு விடை கூற முனைகிறது. 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும். இசைவு கோரும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளிலும் படிக்க வாய்ப்பளிக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் இவ்விடையைப் பொருத்திப் பார்க்கலாம். மலையாளிப் பழங்குடியினர் வாழும் இவ்வூர்களில் முதல் தலைமுறையாகப் படிப்போர் பலர். பெற்றோர் கேரளம், கர்நாடகம் முதலிய மாநிலங்களுக்குத் தோட்ட வேலை தேடிச் செல்வதும் உண்டு. பாட்டியின் பாதுகாப்பில் இருக்கும் பிள்ளை ஒரு செயலியைத் திறக்கும்போது, வீட்டில் எழுத்தறிந்தவர் அப்பிள்ளை மட்டுமே. ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்தும் விரலும் அதனுடையதே. அறிவிப்பு தமிழிலேயே இருந்தாலும் பாட்டிக்கு என்ன பயன்?

அதற்காகக் கருவியே வேண்டா என விலக்குவதும் முறையன்று. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, அலைபேசிக் கோபுரம் எட்டாத மலையூர்ப் பிள்ளைகள் இணையவழிப் பாடங்களை இழந்தனர். நகரத்துப் பிள்ளை பெற்றதை மலைப்பிள்ளைக்கு மறுப்பது காப்பாகாது.

எனவே, அறியாத பெற்றோரிடம் ஒப்புதல் பெற்றுவிட்டுப் பொருளை உருவாக்கியவர் விலகிக்கொள்வது நேர்மையன்று. ஆஸ்திரேலியா வேறு வழியை மேற்கொண்டது. 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் அந்நாட்டுச் சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அத்தடை சரிதானா என்னும் வாதம் ஓயவில்லை. ஆயினும் அச்சட்டத்தை மீறினால் தண்டம் செலுத்த வேண்டியது நிறுவனமே; பெற்றோருக்கோ பிள்ளைக்கோ தண்டம் இல்லை.