எலும்பு மட்டும் மிஞ்சும் மீன்

ஜப்பானின் இபராக்கி கடற்கரையில் குளிர்காலம் வந்துவிட்டால் மீன் வெட்டுவதைப் பார்க்கவே கூட்டம் கூடும். தாடையில் கொக்கி மாட்டித் தொங்கவிட்ட பெரிய மீனின் வாய்வழியே தண்ணீர் ஊற்றி வயிற்றை நிரப்புகிறார்கள். தொங்கும் மீன் அந்தக் கனத்தில் ஆடாமல் நிற்க, தோலை உரித்துத் துண்டு துண்டாக அறுத்தெடுக்கிறார்கள். பலகையில் வைத்தால் வழுக்கி ஓடும் கொழகொழத்த உடம்பு அது.

ஆங்கிலத்தில் மாங்க்ஃபிஷ். ஜப்பானியருக்கு அங்கோ.

உடம்பின் பெரும்பகுதி தலைதான். தலையின் அகலத்துக்கு வாய், அதில் உள்நோக்கிச் சாய்ந்த ஊசிப் பற்கள். கடலடியில் சேற்றோடு சேறாகக் கிடக்கும். தலைமேல் நீண்ட முள் ஒன்று, அதன் நுனியில் சின்னச் சதைத் துணுக்கு. அதை ஆட்டினால் இரை நெளிவதுபோல் இருக்கும். தின்ன நெருங்கும் மீனை நீரோடு சேர்த்து உறிஞ்சி விழுங்கிவிடும். இந்தத் தூண்டில் வித்தையைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்.

ஐரோப்பியச் சந்தைகளில் இந்த முகத்தைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. தலையை வெட்டிவிட்டு வால்பகுதியை மட்டும் விற்பார்கள். வெள்ளை வெளேரென்ற கெட்டியான சதை, நடுமுள்ளைத் தவிரச் சிறுமுள் கிடையாது. சிங்கி இறாலோடு ஒப்பிட்டுப் புகழ்கிறார்கள். ஆனால் முகம் தெரியாத மீனில் ஆபத்தும் உண்டு. 2007இல் மாங்க்ஃபிஷ் என்ற பெயரில் அமெரிக்காவுக்கு வந்த பெட்டிகளில் பேத்தை மீன் இருக்கலாம் என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. பேத்தையின் நஞ்சு உயிரையே எடுக்கக்கூடியது. சிகாகோவில் அந்த மீனில் சமைத்த சூப்பைக் குடித்த இருவர் நோயுற்றிருந்தார்கள்.

இபராக்கி மக்களின் வழக்கமே மேலானது. சதை, தோல், ஈரல், இரைப்பை, சினைப்பை, செவுள், துடுப்பு ஆகிய ஏழையும் ‘அங்கோவின் ஏழு கருவிகள்’ என்பார்கள். ஏழும் சட்டிக்குப் போகும். அவற்றில் ஈரலுக்குத்தான் முதல் மரியாதை. ஆவியில் வேகவைத்தால் வெண்ணெய்போல் கரையும். ‘டொபுஜிரு’ என்ற குழம்புக்கு முதலில் ஈரலைச் சட்டியில் வறுத்துக் கொழுப்பை உருக்குவார்கள். மிசோ என்னும் சோயா விழுதைச் சேர்த்து, மற்ற துண்டங்களையும் காய்களையும் போடுவார்கள். தண்ணீர் ஊற்றுவதில்லை. மீனும் காயும் விடும் நீரே போதும். குடிநீரைச் சிக்கனமாகச் செலவழித்த படகுகளில் மீனவர்கள் சமைத்துப் பழகிய பக்குவம் இது.

வெட்டி முடித்த பிறகு கொக்கியில் தொங்குவது தாடையும் நடு எலும்பும்தான்.